சாய்ந்து நின்ற ஒயின்

மூவரசர் தெருவில் குடிக்கிறதெல்லாம் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டைப் பார்த்துச் சாயத் தொடங்கியது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு, லிகோரியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். பூசை முடிந்து வந்த லிகோரி வழக்கம்போல ஒரு கிளாஸில் விரலளவு பிராந்தியும் அதற்கு மேல் சோடாவும் ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார, அவர் மனைவி பியத்ரிஸ் ஒரு பக்கம் கணவாய் வறுவலையும் இன்னொரு பக்கம் உருளைக்கிழங்குப் பொரியலையும் கொண்டுவந்து வைக்க, கிளாஸுக்குள் இருந்த பிராந்தி, வளைவில் திரும்பும் பேருந்தில் நிற்கிற ஆள் சாய்வதைப் போலக் கணவாய் இருந்த பக்கமாகச் சாய்ந்து, ஒரு விளிம்பில் ஏறி மறு விளிம்பில் இறங்கி, அப்படியே நின்றது.

"மேசைக் காலுக்கு ஒரு அட்டைய மடிச்சு வையுங்கன்னு எத்தன நாளா சொல்லுதேன்," என்றாள் பியத்ரிஸ்.

லிகோரி குனிந்து அட்டை வைத்தார். பிராந்தி நிமிரவில்லை. கணவாய்த் தட்டைத் தூக்கி மறுபக்கம் வைத்தார், பிராந்தியும் மறுபக்கம் சாய்ந்தது. பிறகு வந்த மோர், கணவாயைக் கண்டதும் ஆகாத சொந்தக்காரரைக் கல்யாண வீட்டில் பார்த்ததுபோல ஒதுங்கி, உருளைக்கிழங்கின் பக்கம் போய் நின்றுகொண்டது.

"மீனோட மோர் ஊத்தாதீயன்னா கேட்டீயளா? இப்ப மோரே சொல்லுது," என்றாள் பியத்ரிஸ். சோறு ஆறிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க இதே கதை. தூத்துக்குடியில் அந்தத் தெரு கடலுக்கு நாலாவது தெரு, இருபத்தாறு வீடு, பாதி வீட்டு ஆண்கள் கப்பலிலும் தோணியிலும் மீதிப் பேர் படகிலும் இருப்பவர்கள், கார்த்திகை பிறந்தால் எல்லா வீட்டு மூலையிலும் கிறிஸ்துமஸுக்கான திராட்சை ஒயின் பீங்கான் ஜாடியில் வாய்கட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு வாரத்தில் பெண்கள் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். போன வருஷத்துக் கறுப்புத் திராட்சை ஒயின் பன்றிக்கறிக்குச் சாய்ந்தது, மீன் குழம்பைக் கண்டால் பின்வாங்கியது. வெள்ளைத் திராட்சை ஒயின் நண்டுக்காக விளிம்புவரை ஏறியது. பன்னீர் சோடாவுக்கு மட்டன் பிரியாணியைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கண்ணில் படவில்லை. முந்திரி மக்ரூனுக்குப் பால் டீ சாய மறுத்தது, பால் சேர்க்காத தேயிலைத் தண்ணீர் உடனே சாய்ந்தது. கேக்குக்கு ரம்மும், அவித்த மரவள்ளிக் கிழங்குக்குச் சுக்குக் காப்பியும் சாய்ந்தன. காப்பியோ தன்னோடு எதையும் வைக்காமல் இருந்தால் போதும் என்பதுபோல எல்லாத் தட்டுக்கும் முகம் திருப்பியது. தண்ணீர் மட்டும் எதற்கும் சாயாமல் எப்போதும்போல மட்டமாக நின்றது. கெட்டுப்போன பண்டத்துக்கும் எதுவும் சாயாது என்பது, முனை வீட்டில் மதியம் வைத்த இறால் தொக்கைப் பார்த்து எலுமிச்சைச் சாறு அசையாமல் நின்றபோது தெரிந்தது. தொக்கைக் கொட்டிவிட்டு அந்த வீட்டுக்காரர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் அவரவர் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிக்கொண்டார்கள். மரியாதைகளும் புதிதாக வந்தன. விருந்தாளியின் தம்ளர் மீது ஒரு சாசரைக் கவிழ்த்து வைக்க வேண்டும், அவர் குடிப்பது எந்தப் பக்கம் சாய்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் டீ கேசரியை விட்டு விலகி நின்றதற்கு மின்விசிறிக் காற்றுதான் காரணம் என்று பெண்ணின் தாய் சாதித்தாள், மாப்பிள்ளை வீட்டாரும் பெரிய மனதோடு ஆமாம் காற்றுதான் என்றார்கள். பூசை ஒயின் பீடத்தில் என்ன செய்கிறது என்று பங்குச் சாமியாரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

லிகோரியின் அடுத்த வீட்டில் இருந்த ஜெனோவா மட்டும் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அவள் அந்த நாட்களில் தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்கவில்லை, ஏனென்றால் தண்ணீர்தான் சாயாது. அவள் கணவன் கஸ்பார் 'விடிவெள்ளி மாதா' தோணியில் பண்டாரி, அதாவது தோணிக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிறவன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன அந்தத் தோணி, கார்த்திகை பிறந்த பத்து நாளில் திரும்பியிருக்க வேண்டும். நடுவில் ஒரு புயல் வந்து போயிருந்தது. தோணியில் எட்டுப் பேர். தேடிப் போனவர்கள் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

தெருவில் உள்ளவர்கள் அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்தினார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அவள் கம்பம் பக்கம் இராயப்பன்பட்டிக்காரி, திராட்சைத் தோட்டத்துப் பெண், கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, கடலை ஜன்னலில் தெரியும் ஒரு நிறமாக மட்டும் அறிந்தவள். அவளை அரித்துக்கொண்டிருந்தது கடல்கூட இல்லை. கஸ்பார் கிளம்புகிற அன்று அவள் அவனோடு பேசாமல் இருந்ததுதான்.

சண்டை இவ்வளவுதான். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று, தோணி கிளம்புவதற்கு முந்தின நாள், அவள் அப்பா பஸ்ஸில் போட்டுவிட்ட பன்னீர் திராட்சை வந்து சேர்ந்தது. ஜெனோவா அதை மூன்று தண்ணீரில் அலசி, வெள்ளைச் சேலையில் பரப்பி உலர்த்தி, ஜாடியை வெந்நீர் ஊற்றி வெயிலில் காயவைத்து, சர்க்கரையும் கோதுமையும் பட்டையும் கிராம்பும் அளந்து வைத்திருந்தாள். பிசைவது மட்டும் கஸ்பாரின் வேலை, அவன் கைக்கு அந்த வலு உண்டு. ஆனால் அன்று காலையில் அவன் வீட்டில் கிடந்த கடைசி மாசியைச் சம்பலுக்காக உரலில் இடித்திருந்தான். மாசி என்பது மாலத்தீவிலிருந்து வரும் சூரை மீன் கருவாடு, கட்டை மாதிரி காய்ந்தது, அதன் வாடை இடித்தவன் கையை லேசில் விடாது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தவன் முழங்கைவரை திராட்சைக்குள் இறக்கிவிட்டான்.

"கையக் கழுவுனீங்களா?" என்று கேட்டாள் ஜெனோவா.

"கழுவுனேன்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து முகர்ந்தாள். "மாசி நாத்தம் குமட்டுது."

"நாத்தங்காத, வாசம்னு சொல்லு. மாலத்தீவுக்காரன் காதுல விழுந்தா அழுதுருவான்."

"சிரிக்காதீங்க. இந்த வருச ஒயின் போச்சு. கருவாட்டுக் கொழம்பு மாதிரி இருக்கப் போகுது. மூணு தண்ணி அலசுனேன்ங்க நானு!"

"சரி விடு. நல்ல மாசியா வாங்கிட்டு வாரேன், தொட்டுக்கிட்டுக் குடிப்போம்."

அவள் சிரிக்கவில்லை. ஜாடியின் வாயைக் கட்டிவிட்டு உள்ளே போனவள், மறுநாள் விடியலில் அவன் துணிப்பையை நீட்டும்போதுகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "வாரேன் என்ன?" என்று அவன் இரண்டு தடவை கேட்டான். அவள் கதவுக் கொண்டியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல்தான் ஒரு மாதமாக அவள் கழுத்தில் கனத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது வாரத்தில் தோணி முதலாளியும் பங்குச் சாமியாரும் வந்தார்கள். முதலாளி நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார்தான் பேசினார்: மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள், வரும் சனிக்கிழமை எட்டுப் பேருக்கும் சேர்த்து மரித்தோர் பூசை வைத்துவிடலாம். பூசை வைத்துவிட்டால் பிறகு யாரும் தேடமாட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, ஆனால் அது அங்கிருந்த மூவருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் வைத்த டீ, பிஸ்கட் தட்டைப் பார்த்துச் சாயக்கூட மனமில்லாமல் நின்றது.

"ஒயின் ஜாடி இன்னும் தெறக்கல சாமி," என்றாள் ஜெனோவா. "வெள்ளிக்கெழமதான் நாப்பது நாளு. அவுக பெசைஞ்சது."

சாமியார் முதலாளியைப் பார்த்தார். "தெறந்துட்டுச் சொல்லும்மா," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, துணைக்கு வந்த பியத்ரிஸ் வடிதுணியைப் பிடித்துக்கொள்ள, ஜெனோவா ஜாடியின் கட்டை அவிழ்த்தாள். ஒயின் மாணிக்கக் கல்லைப் போலத் தெளிந்திருந்தது. ஒரு கிளாஸில் ஊற்றி மேசை மேல் வைத்தாள், மேசையில் ஒரு பண்டமும் இல்லை. இருந்தும் ஒயின் கிழக்குச் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் பியத்ரிஸின் அடுப்படி.

"ஏட்டி, எங்க வீட்டு நண்டுக்குல்லா சாயுது!" பியத்ரிஸ் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னைக்கு வெள்ளிக்கெழம, கறி ஆகாதுன்னு நண்டுதான் வச்சேன். வா, கொண்டா."

கிளாஸை ஏந்திக்கொண்டு இருவரும் போனார்கள். நண்டுச் சட்டிக்கு முன்னால் வைத்தார்கள். ஒயின் நண்டைத் தாண்டி, இன்னும் கிழக்கே, அடுத்த வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

"அவ வீட்ல என்ன பெருசா வச்சிருப்பா? சுண்டக்கா வத்தக் கொழம்பு," என்றாள் பியத்ரிஸ், கொஞ்சம் கசப்பாக. ஆனாலும் பார்க்காமல் விட மனமில்லை. சுண்டைக்காயையும் ஒயின் தாண்டியது. அதற்கடுத்த வீட்டில் முட்டை ஆப்பத்தையும், அதற்கடுத்த வீட்டில் ஊளி மீன் சொதியையும், முனை வீட்டில் அவசர அவசரமாக அடுப்பிலேற்றிய வாழைப்பூ வடையையும் தாண்டியது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தன் சமையல் தேர்ந்தெடுக்கப்படும் என்று காத்து நின்று, இல்லையென்று ஆனதும் முகத்தைச் சரிசெய்துகொண்டு கூடவே சேர்ந்து நடந்தாள். அடுத்த தெருவிலும் அதற்கடுத்த தெருவிலும் இப்படியே கூட்டம் பெருகியது. சட்டியோடு வந்தவர்கள் உண்டு, கரண்டியோடு வந்தவர்கள் உண்டு, எதற்காக நடக்கிறோம் என்று கேட்காமல் வந்தவர்களும் உண்டு. லிகோரி சட்டையை மாட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்.

"என்னவே, மூணு ராசா கெளம்பின மாதிரில்லா போறாவ?" என்று சைக்கிளில் வந்த ஒருவர் கேட்டார்.

"அவங்களுக்கு முன்னால நட்சத்திரம். எங்களுக்குக் கிளாஸ். வாரும் ஓய்," என்றார் லிகோரி.

கடைசித் தெருவும் முடிந்து கடற்கரை வந்தது. அதற்கு மேல் வீடு இல்லை, அடுப்பு இல்லை. ஜெனோவா படகுகளுக்கு நடுவே ஈர மணலில் நின்றாள். ஒயின் தென்கிழக்கே கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

"கடலுக்குள்ள யாரு சமைக்கா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். கேட்டவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெனோவா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். திராட்சை, பட்டை, கிராம்பு, அதற்கெல்லாம் அடியில், நன்றாகத் தேடினால் மட்டும் கிடைக்கிற இடத்தில், முகர்ந்து பார்த்த ஒரு மணிக்கட்டு.

"அண்ணே," என்றாள் லிகோரியிடம். அவள் இத்தனை பேருக்கு முன்னால் பேசியதே கிடையாது. "இது மாசிக்குச் சாயுதுண்ணே."

லிகோரிக்கு அது புரிய ஒரு கணம்தான் பிடித்தது. அந்த வருஷம் கடல் அடங்கத் தாமதமாகி, தோணிகளெல்லாம் கட்டிக் கிடந்ததில், ஊரில் எந்தக் கடையிலும் துண்டு மாசி இல்லை. முதலில் கிளம்பின தோணி விடிவெள்ளி மாதா. மாலத்தீவோ தென்மேற்கே கிடந்தது, இந்தத் திசையில் மாசி என்று ஒன்று இருந்தால் அந்தத் தோணியில்தான் இருக்க வேண்டும்.

"முங்கிப் போன தோணியிலயும் மாசி இருக்கும்ல, பிள்ள," என்றார் ஒரு பெரியவர், மெதுவாக, அவளைப் புண்படுத்தாத குரலில்.

"நனைஞ்ச மாசி கெட்டுருங்கய்யா. கெட்டதுக்கு எதுவும் சாயாது." ஜெனோவா கிளாஸை உயர்த்திப் பிடித்தாள். "இது காய்ஞ்ச மாசி. தண்ணிக்கு மேல இருக்கு."

பியத்ரிஸ்தான் முதலில் அசைந்தாள். "நின்னு பாத்துக்கிட்டு இருக்கீய! படக எறக்குங்க!" என்று புருஷனைப் பிடித்துத் தள்ளினாள்.

லிகோரியின் படகில் டீசல் கேன்கள் ஏறின, குடிதண்ணீர் ஏறியது, இன்னும் மூன்று ஆண்கள் ஏறினார்கள். கிளாஸை யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தபோது லிகோரி தன் கையை நீட்டிப் பார்த்தார். பிராந்தியில் முப்பது வருஷம் பழகிய கை, ஆடியது. அந்தக் கரையில் பெண்கள் படகேறுவது வழக்கமில்லை. யாரும் அதை எடுத்துச் சொல்வதற்குள் ஜெனோவா சேலையைச் செருகிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, ஒரு துளியும் சிந்தாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பகல் முழுவதும் கடல். படகு ஏறி இறங்கியது, அவள் இரண்டு தடவை ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள், எடுக்கும்போதும் கிளாஸ் பிடித்த கையை மட்டும் தலைக்கு மேல் நிமிர்த்தி வைத்திருந்தாள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒயின் தன் பக்கத்தை விட்டுக் கொடுக்கவில்லை. "எங்கிட்டு பிள்ள?" என்று லிகோரி கேட்பார், அவள் மோவாயால் காட்டுவாள், அவர் திருப்புவார். கரை மறைந்தது, பறவைகள் மறைந்தன, உச்சி வெயில் வந்து போயிற்று. மூன்று மணிக்கு மேல் ஒயின் இன்னும் செங்குத்தாகியது. நாலரை மணிக்கு அது கிளாஸின் ஒரு பக்கத்தில் சுவர் மாதிரி எழுந்து நின்று விளிம்பைத் தொட்டது, ஆனாலும் வழியவில்லை.

"அண்ணே..." என்றாள் ஜெனோவா.

லிகோரி எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, சாக்குகளையும் தார்ப்பாயையும் ஒட்டுப்போட்ட ஒரு பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே சுக்கான் ஒடிந்து ஒரு தோணி மிதந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து மெல்லிதாகப் புகை எழுந்துகொண்டிருந்தது, அடுப்புப் புகை.

எட்டுப் பேரும் இருந்தார்கள். என்ஜின் புயலன்றே நின்றுவிட்டதாம். மழைத் தண்ணீரைப் பாயில் பிடித்துக் குடித்து, மூட்டை மூட்டையாக ஏற்றிவந்த மாசியை அவித்தும் சுட்டும் தின்று, இனி ஆயுளுக்கும் மாசியைத் தொடமாட்டோம் என்று ஏழு பேர் சத்தியம் செய்திருந்தார்கள். எட்டாவது ஆள் தாடியும் கந்தல் லுங்கியுமாகக் கரண்டியோடு ஓரத்துக்கு ஓடிவந்து, கீழே படகில் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அவளுக்குத் தெரியும்படி விரித்துக் காட்டினான்.

"கையக் கழுவிட்டேன்," என்றான் கஸ்பார். "சத்தியமா கழுவிட்டேன்."

ஜெனோவா சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தது எங்கேயோ அழுகையாகி, அழுகை மறுபடியும் சிரிப்பாகி, ஒரு மாதக் கனம் கழுத்திலிருந்து இறங்கி, தலை தன்பாட்டுக்கு மேலே கீழே ஆடியது. அன்று கொண்டியைப் பார்த்து ஆட்டிய தலையை இப்போது அவன் முகத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். கயிறு போட்டுக் கட்டி, அவன் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் கிளாஸை நீட்டினாள். அவன் மடியிலிருந்து ஒரு துண்டு மாசியை எடுத்துக் கடித்து மென்று, ஒயினை ஒரு மடக்குக் குடித்து, கண்ணை மூடினான்.

"எப்படிவே இருக்கு?" என்றார் லிகோரி.

"இவ சொன்னது சரிதான் அண்ணே. கருவாட்டுக் கொழம்பு மாதிரிதான் இருக்கு," என்றான் கஸ்பார். பிறகு மிச்சத்தையும் குடித்தான். காலியான கிளாஸை ஜெனோவா மடியில் வைத்துக்கொண்டாள், சாய்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை மரித்தோர் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது தோணியை இழுத்துக்கொண்டு படகு கரைக்கு வந்தது. கோயிலிலிருந்த கூட்டம் மொத்தமும் கடற்கரைக்கு ஓடியது, மணி அடிக்கிறவரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். எட்டு வீட்டுப் பெண்களின் சத்தம் அடங்க ஒரு மணி நேரமாயிற்று. சாமியார் உள்ளே போய்த் துக்க உடையைக் கழற்றிவிட்டு வெள்ளை உடை மாற்றிக்கொண்டு வந்தார், தங்கள் பெயரில் வைத்த பூசையில் எட்டுப் பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து பாடினார்கள்.

அன்று மதியத்தோடு சாய்வது நின்றுவிட்டது. பிராந்தி கணவாய்க்கு முன்னால் மட்டமாக நின்றது, மோரும் ஒதுங்கவில்லை. மூவரசர் தெரு அதையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியது மட்டும் இருந்தது, இன்றும் அந்தத் தெருவில் மக்ரூனோடு பால் டீ கொடுக்கமாட்டார்கள். லிகோரி மட்டும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஏமாந்துபோவார். "அட்டைய எடுத்துட்டா ஒருவேள சாயும்," என்பாள் பியத்ரிஸ்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு இராயப்பன்பட்டியிலிருந்து திராட்சை வந்தது. ஜெனோவா மூன்று தண்ணீரில் அலசி, வெள்ளைச் சேலையில் உலர்த்தி, ஜாடியைக் காயவைத்தாள். மறுநாள் தோணி. கஸ்பார் பின்கட்டுக் குழாயடியில் நின்று, அவள் பார்க்கும்படி, சோப்புப் போட்டு ஒரு தடவை, எலுமிச்சம்பழத்தால் ஒரு தடவை என்று முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மோந்து பாத்துக்க. ஒரு வாசமும் இல்ல."

ஜெனோவா முகர்ந்தாள். ஆமாம், ஒன்றும் இல்லை. அவள் உள்ளே போய் உரலை இழுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் போட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாசித் துண்டை எடுத்து அதில் வைத்தாள்.

"மொதல்ல இத இடிங்க," என்றாள். "இடிச்சுட்டுக் கையக் கழுவிறாதீங்க."